மார்க் கியூபன் வாங்கியது ரொக்கமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொழிலதிபரும் தொலைக்காட்சிப் பிரபலமுமான மார்க் கியூபனைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. 1999-ல் தன் நிறுவனத்தை யாகூ என்ற இணைய நிறுவனத்திடம் 570 கோடி டாலர் ரொக்கத்துக்கு விற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாகூ ரொக்கம் தரவில்லை. தன் பங்குகளைத் தந்தது. 570 கோடி என்பது, இணையவழி ஒலிபரப்பு நடத்திய பிராட்காஸ்ட்.காம் என்ற அந்த முழு நிறுவனத்துக்கும் வைத்த விலை. கியூபனின் பங்குக்கு வந்தது சுமார் 1.46 கோடி யாகூ பங்குகள்.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. இவர் இன்றும் பணக்காரராக இருப்பதற்கான காரணமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதே ஆண்டில் கம்பெனியை விற்றுக் காகிதத்தில் கோடீஸ்வரர் ஆனவர்கள் பலர், அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெறுங்கையோடு நின்றார்கள். இவர் தப்பியது அதிர்ஷ்டத்தால் அல்ல. தப்பிய விதத்தைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளக்கிவிடலாம்.

பங்கு கைக்கு வந்தவுடன் விற்க முடியாது. இத்தனை மாதம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். தடை நீங்கிய பிறகும் மொத்தமாகச் சந்தையில் கொட்டினால் விலை இறங்கும், வரியும் பெரிதாக வரும். எனவே விற்காமலே விலையைக் கட்டிவைக்கும் வழியைக் கியூபன் எடுத்தார். பங்கு சுமார் 95 டாலரில் இருந்தபோது, 85 டாலருக்கு விற்கும் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கினார். சந்தையில் இதற்குப் புட் ஆப்ஷன் என்று பெயர். கூடவே, தன் பங்கை 205 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை வேறொருவருக்கு விற்றார். அது கால் ஆப்ஷன். கால் ஆப்ஷனை விற்று வரும் பணத்தில் புட் ஆப்ஷன் வாங்கும் செலவு ஈடாகும். கீழே 85, மேலே 205 என்று இரண்டு பக்கமும் வேலி போட்டது போல. 1.46 கோடிப் பங்கை 85-ஆல் பெருக்கினால் 124 கோடி டாலர். எது நடந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. 205-ஆல் பெருக்கினால் 299 கோடி. அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அந்த லாபம் அவருடையது இல்லை.

யாகூ ஏறத்தான் செய்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் 205-ஐயும் தாண்டியது. அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்கு இந்த மனிதர் கையிலிருந்ததை விட்டுவிட்டார் என்றே தோன்றியிருக்கும். 2001 செப்டம்பரில் அதே பங்கு 10 டாலருக்கும் கீழே கிடந்தது. அடுத்த ஆண்டுக்குள் பிராட்காஸ்ட்.காம் சேவையையே யாகூ மூடிவிட்டது.

நம் ஊர்த் தொழில்முனைவோருக்கும் இது வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்று உங்கள் கம்பெனியை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகத் தன் பங்கைத் தருகிறேன் என்றால், விற்பனைத் தடை எத்தனை மாதம், அதுவரை விலை இறங்கினால் யார் பொறுப்பு என்று முதலில் கேளுங்கள். பலரும் மறப்பது வரியை. இந்தியாவில், சட்டப்படியான நிறுவன இணைப்பாக இல்லாத பட்சத்தில், பங்குக்குப் பங்கு மாற்றிக்கொண்டாலே மூலதன ஆதாய வரிக் கணக்கு வந்துவிடும். கையில் ஒரு ரூபாய்கூட வராது, வரி மட்டும் ரூபாயில் கட்ட வேண்டும். அன்றைய விலைக்குக் கணக்கிட்ட வரியை, பங்கு பாதியாகச் சரிந்த பிறகு கட்ட நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பகுதியை ரொக்கமாகக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வரியளவுக்காவது ரொக்கம் வாங்காமல் எழக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கியூபனின் இளமைக் காலத்தைக் கட்டுரை நன்றாகச் சொன்னது. 1958-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் தொழிலாளி. கூடைப்பந்து ஷூ வாங்குவதற்காகப் 12 வயதில் வீடு வீடாகப் போய்க் குப்பைப் பை விற்றவர். நாளிதழுக்கு எழுதுகிறோம் என்பதால் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறோம். அவருக்கு 16 வயதானபோது பிட்ஸ்பர்க் நாளிதழில் வேலைநிறுத்தம். ஊரில் பேப்பர் இல்லை. பக்கத்து மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலிருந்து பேப்பர் கட்டுகளைக் கொண்டுவந்து பிட்ஸ்பர்க்கில் விற்றார். சரக்கு எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை, நடுவில் எத்தனை மைல் என்ற அந்தக் கணக்கைத்தான் பிறகு வாழ்நாள் முழுக்கப் போட்டார்.

1982-ல் டல்லஸுக்குப் போனார். மதுக்கடையில் வேலை, அப்புறம் மென்பொருள் கடையில் விற்பனையாளர். கடையைத் திறக்க வேண்டிய நேரத்தில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போய் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்தார். அதற்காக முதலாளி வேலையை விட்டு நீக்கினார். அந்தப் பழைய வாடிக்கையாளர்களின் ஆதரவோடு மைக்ரோ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பதும் அவற்றுக்கு மென்பொருள் விற்பதும் தொழில். 1990-ல் கம்ப்யூசர்வ் என்ற கணினிச் சேவை நிறுவனம் அதை 60 லட்சம் டாலருக்கு வாங்கியது.

நடுவில் நடந்த ஒன்றை உங்கள் கட்டுரையாளர் அரை வரியில் கடந்துவிட்டார். நாங்களானால் அதற்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருப்போம். நிறுவனம் பிஞ்சாக இருந்தபோது வங்கியில் இருந்தது 84,000 டாலர். அதில் 82,000 டாலரை அலுவலக ஊழியர் ஒருவர் எடுத்துவிட்டார். எடுத்த விதத்தைக் கியூபனே சொல்லியிருக்கிறார். சப்ளையர்களுக்குத் தர வேண்டிய காசோலைகளில், பெறுபவர் பெயர்மேல் ஒயிட்னரைத் தடவி அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டச்சு செய்து வங்கியில் போட்டிருக்கிறார். கையெழுத்து அசல், தொகை அசல், பெயர் மட்டும் மாறியிருந்தது. அடிக்கட்டையில் சப்ளையர் பெயர் அப்படியே இருப்பதால் அலுவலகத்துக் கணக்கும் சரியாகவே தெரியும்.

இந்தத் திருட்டு இன்றும் நடக்கிறது. ஒயிட்னருக்குப் பதில் இணைய வங்கியின் பெனிஃபிஷியரி பட்டியல், அவ்வளவுதான். சப்ளையர் பெயரை அப்படியே விட்டுவிட்டு அக்கவுண்ட் எண்ணை மாற்றினால் முடிந்தது. தடுக்கும் வழியும் பழையதே. காசோலை எழுதுபவரும், அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவரும், மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சின்னக் கடையில், ஸ்டேட்மென்ட்டையாவது முதலாளி தாமே நேரடியாக வங்கியிலிருந்து எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாக டிக் போட வேண்டும். சப்ளையருக்கு மாதம் ஒருமுறை போன் போட்டு, உங்கள் புத்தகத்தில் எங்கள் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு புத்தகமும் ஒத்துவராத இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

தொலைக்காட்சிக்கு வருவோம். அங்கே கியூபன் முதல் முயற்சியிலேயே வெல்லவில்லை. 2004-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 10 லட்சம் டாலர் பரிசு வைத்து அவர் நடத்திய நிகழ்ச்சி பார்வையாளர் இல்லாமல் நின்றுபோனது. 2007-ல் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் நடனப் போட்டி மேடை ஏறினார். அதற்கு முன்பே டல்லஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளராக அவர் முகம் நாடறிந்தது. 2000 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்கு வாங்கிய அணி அது. நடுவர்களைத் திட்டித் திட்டியே அபராதம் கட்டினார். நடுவர்களின் தலைவருக்கு ஒரு டெய்ரி குயீன் ஐஸ்கிரீம் கடையைக்கூட நடத்தத் தெரியாது என்று 2002-ல் சொன்னதற்கு 5 லட்சம் டாலர் அபராதம். அந்தக் கடைக்காரர்கள் வருத்தப்பட்டதும், ஒருநாள் டெய்ரி குயீனுக்கே போய் ஐஸ்கிரீம் பரிமாறினார். தொலைக்காட்சிக்கு ஏற்ற ஆள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2011-ல் ஷார்க் டேங்க் நிகழ்ச்சிக்குள் வந்தவர் 2025 மே வரை அந்த நாற்காலியில் இருந்தார். தொழில் தொடங்கியவர்கள் வந்து நிற்பார்கள், எதிரே ஐந்து முதலீட்டாளர்கள், பேரம். நம் கல்லூரிகளில் இன்று இதே பாணியில் போட்டி நடத்தாத இடம் குறைவு. அதனால்தான் திரையில் தெரியாத பகுதிகளைச் சொல்லியாக வேண்டும்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும் பேரத்தைப் பத்து நிமிடமாக வெட்டித்தான் காட்டுகிறார்கள். படம்பிடித்துப் பல மாதம் கழித்தே ஒளிபரப்பு. சில பேரங்கள் ஒளிபரப்பாவதே இல்லை. திரையில் கைகுலுக்கியது ஒப்பந்தம் அல்ல, பேச்சு. பணம் வருவதற்குமுன் கணக்குப் புத்தகம், வரி ரிட்டர்ன், காப்புரிமை யார் பெயரில், பழைய கடன், பழைய பங்குதாரர் என்று எல்லாவற்றையும் முதலீட்டாளரின் ஆட்கள் தோண்டுவார்கள். மேடையில் சொன்ன விற்பனை எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் பேரம் அங்கேயே உடையும். ஆர்டர் வந்ததை விற்பனை என்று சொல்வதும், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து வருமானம் என்று சொல்வதும் இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. தொடக்கத்தில் இந்த நிகழ்ச்சிக்குப் போகும் ஒவ்வொரு நிறுவனமும், முதலீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தயாரிப்பு நிறுவனத்துக்கு 5 சதவீதப் பங்கு அல்லது லாபத்தில் 2 சதவீதம் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மேடையில் நின்ற கூலிக்கு வாழ்நாள் வரி மாதிரி. நல்ல நிறுவனங்கள் வரத் தயங்கும் என்று கியூபன் வற்புறுத்தி, 2013-ல் அந்த நிபந்தனையை எடுக்கவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த முதலீடுகளைவிட இது பெரிய காரியம் என்று நாங்கள் நினைக்கிறோம். உங்கள் கட்டுரையில் இது இல்லவே இல்லை.

முதலீடுகளில் வென்றவற்றை மட்டும் அடுக்கியிருந்தீர்கள். பிரெத்தோமீட்டர் என்ற நிறுவனத்தை நாங்கள் சேர்க்கிறோம். செல்போனோடு இணைத்து ஊதினால் ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. 2013-ல் நிறுவனர் கேட்டது 10 சதவீதத்துக்கு 2.5 லட்சம் டாலர். அதாவது முழு நிறுவனத்துக்கும் அவர் வைத்த மதிப்பு 25 லட்சம். ஐந்து பேரும் சேர்ந்து 10 லட்சம் டாலர் கொடுத்து 30 சதவீதம் எடுத்தார்கள். இப்போது மதிப்பு 33 லட்சம் சொச்சம். மதிப்பு ஏறிவிட்டதே என்று அரங்கமே மகிழும். ஆனால் நிறுவனரிடம் மிஞ்சியது 70 சதவீதம். அடுத்த முதலீட்டுக்கு 20 சதவீதம் புதுப் பங்கு கொடுத்தால் 70 என்பது 56 ஆகும். அதற்கடுத்து 25 சதவீதம் போனால் 42. முதல் சுற்றிலேயே 30-ஐக் கொடுப்பவர் மூன்றாம் சுற்றில் தன் கம்பெனியில் பாதிக்கும் குறைவானவர் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் சொல்வதில்லை.

கருவியோ பொய் சொன்னது. நுகர்வோரைக் காக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2017 ஜனவரியில் வெளியிட்ட புகாரின்படி, உள்ளே இருந்த சென்சார் நாளாக நாளாகத் தேய்ந்து, மதுவின் அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டியது. குடித்தவர் ஊதிப் பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்று காரை எடுப்பார். இந்தக் குறை தெரிந்த பிறகும் விற்பனை தொடர்ந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. விற்றது மொத்தம் 51 லட்சம் டாலருக்கு. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. இந்த நிகழ்ச்சியில் தாம் செய்த ஆக மோசமான முதலீடு இதுவே என்று கியூபன் பின்னர் சொன்னார்.

ஐந்து அனுபவசாலிகளும் எங்கே சறுக்கினார்கள்? புதிதாக எடுத்த கருவி மேடையில் நன்றாகத்தான் வேலை செய்யும். சென்சார் வைத்த பொருளை ஆறு மாதம் கழித்து, நூறு முறை ஊதிய பிறகு, வெயிலில் கிடந்த காருக்குள் வைத்து எடுத்த பிறகு சோதிக்க வேண்டும். அதையும் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் சோதிக்க வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட எந்தக் கருவிக்கும் இந்த அறிக்கை இல்லாமல் ஒரு ரூபாய் போடக் கூடாது. ரத்த அழுத்தமானி, சர்க்கரைமானி, கேஸ் கசிவு எச்சரிக்கைப் பெட்டி என்று நம் மாணவர்கள் ஆர்வத்தோடு செய்துகொண்டுவரும் பொருள்களுக்கும் இதே அளவுகோல்தான்.

நியாயத்துக்காக இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறோம். மம்மா.காம் என்ற இணையத் தேடல் நிறுவனத்தின் பங்குகளை 2004-ல், வெளியில் தெரியாத உள்தகவலை வைத்து விற்று 7.5 லட்சம் டாலர் நஷ்டத்தைத் தவிர்த்தார் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2008-ல் வழக்குத் தொடுத்தது. 2013 அக்டோபரில் டல்லஸ் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேவரிக்ஸ் அலுவலகத்தில் பெண் ஊழியர்கள் பல ஆண்டு பட்ட பாலியல் தொல்லை 2018-ல் வெளிவந்தது. விசாரணைக்குப் பின், பெண்களுக்கான அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் கொடுக்கக் கியூபன் ஒப்புக்கொண்டார். தொல்லை கொடுத்தவர் அவர் இல்லை. ஆனால் அலுவலகம் அவருடையது. வாழ்க்கைக் கட்டுரையில் இவை இருக்க வேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டுரை இதை ஒரு பெட்டிச் செய்தியாகச் சுருக்கிவிட்டது. 2022 ஜனவரியில், அலெக்ஸ் ஓஷ்மியான்ஸ்கி என்ற கதிரியக்க மருத்துவரோடு சேர்ந்து, காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் என்ற இணைய மருந்துக்கடையைக் கியூபன் தொடங்கினார். கடையின் விலை முறை பலகையில் எழுதக்கூடியது. தாங்கள் மருந்தை வாங்கிய விலை, அதன்மேல் 15 சதவீதம், மருந்தாளர் கூலி, அனுப்பும் செலவு. தொடங்கியபோது கூலி 3 டாலர், தபால் 5 டாலர். 20 டாலருக்கு வாங்கிய மருந்து என்றால் 20, அதில் 15 சதவீதம் 3, கூலி 3, தபால் 5, மொத்தம் 31. நோயாளிக்கு இந்த நான்கு எண்ணும் தெரியும்.

இதில் என்ன புதுமை என்று நம்மவர்களுக்குத் தோன்றும். அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிக்கும் காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவே மருந்துப் பயன் மேலாளர்கள் என்ற இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு. பட்டியல் விலையை உயர்த்தி வைத்து, அதில் தள்ளுபடி பேசி, தள்ளுபடியில் ஒரு பங்கைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். காப்பீடு இல்லாத நோயாளி மட்டும் அந்தப் பட்டியல் விலையை முழுதாகக் கட்டுவார். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்குக் கடை விலை மாதம் 9,657 டாலர், தங்கள் விலை 47 டாலர் என்று காஸ்ட் பிளஸ் தொடக்க நாளில் அறிவித்தது.

அந்த மருந்தின் கதை சென்னையில் நடந்தது. இமாட்டினிபின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற சுவிஸ் மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் குணம் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்ற, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த நாளில் மாதம் சுமார் 1.2 லட்ச ரூபாய் ஆன மருந்தை நம் ஜெனரிக் கம்பெனிகள் 10,000 ரூபாய்க்குள் கொடுத்துக்கொண்டிருந்தன. மருந்தைச் செய்ய எவ்வளவு ஆகும், நடுவில் எவ்வளவு ஏறுகிறது என்ற கேள்வியை அங்கே ஒரு தொலைக்காட்சிப் பிரபலம் 2022-ல் கேட்டார். பழைய மருந்தின் புது வடிவத்துக்கு எதற்குக் காப்புரிமை என்ற கேள்வியை, இங்கே ஓர் அரசு அலுவலகத்தின் காப்புரிமை அதிகாரி 16 ஆண்டு முன்பே கேட்டிருந்தார். அமெரிக்கக் கோடீஸ்வரரைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்த இடம் விடுபட்டால் மனம் ஆறவில்லை.

திருத்தம் வெளியிடும்போது 'ரொக்கம்' என்பதை எடுத்துவிட்டு 'யாகூ பங்குகள்' என்று போடுங்கள். இடம் இருந்தால் 85, 205 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்குத் தணிக்கையாளர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.